தண்ணி இறங்குகிற அளவுக்கு

அக்காவுக்கு ‘முடியாது’ என்கிற வார்த்தை வராது. தொண்டை நன்றாக இருந்த காலத்திலேயே வராது. யார் எதைக் கேட்டாலும் ‘சரிங்க’தான். நிற்கிறவர்கள் பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தால் சரிங்க. பக்கத்தில் இருப்பவள் தூங்கி வழிந்து தோளில் சாய்ந்தால் சரிங்க. “இன்னும் ஒரு ஆளு ஒக்காரலாம், தள்ளிக்கோங்க” என்று நான் அதட்டினால், ஏற்கெனவே அரை உடம்பு சீட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தாலும் சரிங்க.

நான் அப்போது கச்சிராயபாளையத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் போய் வருகிற அரசு டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அக்கா மலையடிவாரத்து ஊர்க்காரர். என் கூடப் பிறந்தவர் இல்லை. பஸ்ஸில் ஏறுகிற பெண்களில் பாதிப் பேர் எனக்கு அக்கா, மீதிப் பேர் என்னை அண்ணா என்பார்கள், நான் முகத்தைச் சுளிப்பேன். பதினாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற செட்டுக்கு அக்காதான் தலைவி. தலைவி என்றதும் பதவி என்று நினைத்துவிட வேண்டாம். நிலத்துக்காரர் போன் பண்ணினால் ஆள் சேர்க்க வேண்டும், விடிவதற்கு முன் எல்லோரையும் எழுப்ப வேண்டும், யாராவது ஒரு முனையில் களையை விட்டுவிட்டால் அதற்கும் பேச்சு வாங்க வேண்டும். கூலி மட்டும் எல்லோருக்கும் என்னவோ அதேதான்.

எழுப்புவதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அந்த ஊரில் இருட்டில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கு ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது. இரண்டாவதற்கும் கூடாது. கூப்பிடுவது மனுஷர்தானா, வேறு எதுவுமா என்று யாருக்குத் தெரியும்? மூன்றாம் தரமும் அதே குரல் வந்தால்தான் அது மனுஷக் குரல், அப்புறம்தான் பாயை விட்டு எழுந்திருப்பார்கள். இத்தனைக்கும் தினமும் கூப்பிடுகிறது அக்காதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மூன்று. பதினாலு வீட்டுக்கு நாற்பத்திரண்டு கூப்பாடு, காலை நாலு மணிக்கு, மழையோ பனியோ.

“ஒரு மிஸ்டு கால் வுட்டா எழுந்துக்க மாட்டாங்களா அக்கா?” என்று கேட்டிருக்கிறேன்.

“நாலு பேருகிட்டதான் போனு கீது கண்டக்டரே. அதுவும் வூட்டுக்காரன் தலமாட்டுல கெடக்கும். அவன் தூக்கம் கெட்டா அதுக்கும் என்னைத்தான் கேப்பான்.”

ஒருமுறை ஒரே நாளுக்கு இரண்டு நிலத்துக்காரர்களுக்குச் சரிங்க சொல்லிவிட்டார். செட்டைப் பாதியாக உடைத்துக் கரும்புக்கொரு பாதி, நடவுக்கொரு பாதி அனுப்பினார். தான் மத்தியானம்வரை இங்கே, அதற்குமேல் அங்கே. இரண்டு இடத்திலும் ஆள் குறைந்துவிட்டது என்று ஏச்சு. மத்தியான டிரிப்பில் சேறு காயாத காலோடு ஏறியவரிடம், “யாராவது ஒருத்தருக்கு முடியாதுன்னு சொல்றதுதானே?” என்றேன்.

“சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள சரிங்கன்னு வந்துடுச்சி.”

குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை. கல்வராயன் மலைமேல் மரவள்ளி பிடுங்கப் போனால், செட்டில் பாதி இந்தச் சரிவில் நிற்கும், பாதி எதிர்ச் சரிவில். நடுவில் பள்ளம். சாப்பாட்டு நேரத்துக்கு அக்கா இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால், எதிர்ச் சரிவில் அவருடைய ஆட்கள் மட்டுமல்ல, அதற்கு அடுத்த காட்டில் வேலை செய்கிற சம்பந்தமே இல்லாத ஆட்களும் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்களாம்.

அந்தக் கழுத்தில்தான் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. சிலருக்கு அப்படி ஆவதுண்டாம். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. அதை முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதற்கும் அக்கா சரிங்க.

எனக்கு ஆபரேஷன்கூட இல்லை. ஒரு சளிக் காய்ச்சல் வந்து போனது. போகிற போக்கில் தொண்டைக்குள் ஒரு பக்கத்துக் குரல் நாணைச் செயலிழக்க வைத்துவிட்டுப் போய்விட்டது. ‘கச்சிராயபாளையம்’ என்று கத்தினால் பஞ்சர் ஆன டியூப் மாதிரி காற்றுதான் வந்தது. நான் ஊர் உலகத்தையே கிண்டல் செய்கிற ஆள், இதையும் சிரித்துக்கொண்டே சமாளித்திருப்பேன் என்று நினைப்பீர்கள். ஒரு வாரத்துக்குள் என் கருமாதி வரைக்கும் யோசித்து முடித்துவிட்டேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மீசை கறுப்பாக இருந்த காலத்துப் போட்டோவைத் தேடி எடுத்துத் தனியாகவும் வைத்தேன். டிப்போவில் உட்கார்ந்த இடத்து வேலை கொடுத்தார்கள். குரல் வராவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை அந்த நாற்காலிதான் என்றார்கள். என் மனைவி முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தாள். மூன்றாம் நாள், “எதுனா ஒளறுய்யா, வூடே பயமா கீது” என்று அழுதாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்ச். போய் உட்கார்ந்தால் பக்கத்தில் அக்கா. பாதியாக இளைத்திருந்தார்.

அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டதைப் பார்த்தவர்கள் இரண்டு பேரும் ரகசியம் பேசுவதாக நினைத்திருப்பார்கள். இருந்ததே அவ்வளவு சத்தம்தான். மூன்று வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்க வேண்டும்.

“எனக்கு வேலையே போயிடும் போலருக்குது அக்கா,” என்றேன். “உங்களுக்கும் கஷ்டந்தான்.”

அக்கா அக்கம்பக்கம் பார்த்தார். “யாருகிட்டயும் சொல்லாத கண்டக்டரே. நான் நல்லாத்தான் கீறேன்.”

குரல் போன பிறகு நிலத்துக்காரர்கள் போன் பண்ணுவார்கள், அக்கா எடுத்து ஹா ஹா என்று காற்று விடுவார், அவர்களே வைத்துவிடுவார்களாம். ஆள் சேர்க்கிற வேலை செட்டிலேயே போன் வைத்திருக்கிற ஒரு பெண்ணிடம் போய்விட்டது. போன் இருக்கிறவர்கள் அலாரம் வைத்து எழுந்து பக்கத்து வீட்டை எழுப்புகிறார்கள். சில நாள் பத்துப் பேர்தான் வருகிறார்கள், பத்துப் பேர் வேலைதான் நடக்கிறது. எதுவும் முழுகிப் போய்விடவில்லை.

“முப்பது வருசத்துல இப்பதான் விடிஞ்சப்பறம் எழுந்துக்கறேன்,” என்றார். “வெயிலு எங்கூட்டு சன்னலு வழியா உள்ள வருது, தெரியுமா? அது வருதுன்னே எனக்குத் தெரியாது.”

“அப்ப ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வந்தீங்க?”

“தண்ணி எறங்க மாட்டுதே. கூழு குடிச்சா மூக்குல வருது. வெறும் களிதான். அதையும் எத்தினி நாளைக்கு முழுங்கறது?”

எனக்கும் அதே கதைதான். தண்ணீர் குடித்தால் இருமி இருமிக் கண் பிதுங்கும். நான் அதை வைத்து ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று மறந்துவிட்டது. அக்காவின் தோள் இரண்டும் குலுங்கின. வாயிலிருந்து புஸ் புஸ் என்று காற்று மட்டும் வந்தது. எத்தனையோ வாரம் கழித்து நான் ஒருவரைச் சிரிக்க வைத்திருந்தேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லாத அந்தச் சிரிப்புக்கு அன்று எனக்கு எவ்வளவு கர்வம் வந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எனக்குச் சட்டென்று புரிந்தது, அது டவுன் பஸ்ஸின் இரண்டு பலகைக் கதவு. ஒரு பலகை ஜாம். இன்னொன்று மட்டும் வந்து வந்து போகிறது. நடுவில் இடுக்கு, காற்று அதில் ஓடிவிடுகிறது. ஜாம் ஆன பலகைக்குள் ஊசியால் ஒரு ஜெல்லை ஏற்றி உப்ப வைத்தால், நல்ல பலகை வந்து அதன்மேல் முட்டும், குரல் வரும். சில மாதத்தில் ஜெல் கரைந்துவிடும். அதற்குள் நரம்பு தானாக விழித்துக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும்.

“பேச்சுக்கு மட்டும் இல்லம்மா,” என்றார் அக்காவிடம். “இடுக்கு இருந்தா தண்ணி நுரையீரலுக்குள்ள போகும். நிமோனியா வந்துடும். விடக் கூடாது.”

அக்கா ஏதோ காற்றில் சொன்னார். டாக்டருக்குக் கேட்கவில்லை. “என்ன சொல்றாங்க?” என்று என்னைக் கேட்டார். குரல் இல்லாத ஆளுக்கு மொழிபெயர்ப்பாளன் குரல் இல்லாத இன்னொரு ஆள். நான் நர்ஸின் காதருகே போய்ச் சொன்னேன். நர்ஸ் ஒருதரம் அக்காவைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னார்:

“தண்ணி இறங்கற அளவுக்கு மட்டும் போட முடியுமான்னு கேக்கறாங்க மேடம். பேச்சு வேணாமாம்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை.

“ரெண்டும் ஒரே கதவும்மா. தண்ணிக்கு மூடுனா பேச்சுக்கும் மூடிக்கும்.”

அக்கா யோசித்தார். அவர் ஒரு விஷயத்துக்கு அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் தலையை ஆட்டினார். உதடு அசைந்தது. என்ன வார்த்தை என்று சொல்லத் தேவையில்லை.

ஊசி போடுகிற நாளில் “லேடீஸ் பர்ஸ்ட்” என்று அக்காவை முன்னால் தள்ளிவிட்டேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, அவர் உயிரோடு வெளியே வருகிறாரா என்று பார்க்க வேண்டியிருந்தது. மயக்க மருந்து கிடையாது, தொண்டை மரத்துப்போக மட்டும் ஒரு மருந்து. உட்கார்ந்தபடியே மூக்கு வழியாகக் கேமரா, வெளியிலிருந்து கழுத்து வழியாக ஊசி. நான் கதவோரம் நின்றிருந்தேன். “ஈ சொல்லுங்க” என்றார் டாக்டர். முதலில் காற்று. அப்புறம் துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம், ஈ. நீளமாக, நடுங்காமல், வெண்கலத்தைத் தட்டினாற்போல. எதிர்ச் சரிவில் கூடையை இறக்கி வைத்தவர்களை நான் நம்பினேன்.

அடுத்து நான். டாக்டர் ஊசியை என் கழுத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு அது ஊசி, எனக்கு சைக்கிள் சக்கரத்துக் கம்பி. என் கை சட்டைப் பைக்குள் போனது எனக்குத் தெரியாது. விசிலை எடுத்து வாயில் வைத்ததும் தெரியாது. நீளமாக ஒன்று ஊதிவிட்டேன். இருபது வருஷத்துப் பழக்கம். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். நின்றது. டாக்டர் இரண்டடி பின்னால் போனார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

விசிலைப் பிடுங்கப்போன நர்ஸை டாக்டர் தடுத்தார். “இருக்கட்டும். ரெடி ஆனதும் ரெண்டு விசில் குடுங்க சார். அப்புறம்தான் வண்டி எடுப்பேன்.”

என் நடுக்கத்தைப் பார்த்து அக்காவை உள்ளே கூப்பிட்டு விட்டார்கள். தொண்டை மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவர் கையைப் பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் முந்தானையைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றி, ஐம்பதை நெருங்குகிற ஆம்பளை அதை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிஷம் கழித்து, தேய்ந்த விசிலாக இரண்டு கொடுத்தேன். ஊசி இறங்கியது. வலி அப்படியொன்றும் பெரிதில்லை. “ஈ” என்றேன். ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம், பிறகு என் சத்தம். அழுதேன். அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம்.

மரப்பு விடும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது, இரண்டு நாள் பேசக் கூடாது என்று அனுப்பினார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் அக்கா ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினார். பயந்து பயந்து ஒரு வாய். இருமல் வரவில்லை. இன்னொரு வாய். அப்புறம் அண்ணாந்து முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தார். அந்த முந்தானை இன்னும் கசங்கியே இருந்தது.

“கண்டக்டரே,” என்றார் முழுக் குரலில். உடனே தணித்துக்கொண்டார். “ஊருல சொல்லாத.”

“எதை?” என்று கையை விரித்தேன்.

“வந்துடுச்சின்னு. ரெண்டு நாளு பேசக் கூடாதுன்னாங்க இல்ல? நான் அத்த அப்பிடியே இழுத்துகினு போறேன்.”

“வூட்டுக்காரருகிட்டகூடவா?” என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

“அவுரு நான் பேசுனப்பவே கேட்டது கெடையாது.”

நான் சத்தியம் செய்தேன். பேசக் கூடாது என்பதால் தலையில் அடித்துச் சத்தியம்.

பதினைந்து நாளில் நான் மறுபடி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அக்கா முன்போலவே செட்டோடு ஏறுவார். விரிந்த கையை இரண்டுதரம் காட்டுவார், பத்து இலவச டிக்கெட் போடுவேன். மற்ற பெண்கள் அவருக்கும் சேர்த்துப் பேசுவார்கள். கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவார். முகம் கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தது. தூங்கி எழுந்த முகம் என்றால் எப்படி இருக்கும் என்று அந்தச் செட்டில் அவர் ஒருவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. நானாவது சும்மா இருந்திருக்க வேண்டும். எனக்கோ ஒரு நோய், குரல் வந்தும் தீராத நோய். அக்காவின் தோள் குலுங்க வேண்டும். அதற்காகவே எதையாவது சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்குவார். சத்தம் வராது. வராமல் காப்பாற்றிக்கொள்வார். அந்த ஆபத்தில் எனக்கு ஒரு ருசி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் வேலை முடிந்து திரும்புகிற டிரிப். அணைப் பக்கம் நடவும் கரும்பும் நிறைய வைத்திருக்கிற நிலத்துக்காரர் ஒருவர், பைக் ரிப்பேர் என்று பஸ்ஸில் ஏறியிருந்தார். அக்காவின் செட்டை அதிகம் கூப்பிட்டவர் அவர்தான்.

“இன்னா கண்டக்டரே, தொண்டையிலயே ஊசி போட்டாங்களாமே? வலிச்சுதா?”

பஸ் முழுக்கத் திரும்பியது. இப்படி ஒரு மேடை எனக்கு எப்போது கிடைக்கும்?

“வலியா? எனக்கா?” என்றேன். “சிங்கம் மாதிரி ஒக்காந்துகினு இருந்தேங்க. டாக்டரம்மாவுக்குத்தான் கை நடுங்குச்சி. நான்தான் தைரியம் சொன்னேன். பயப்படாம போடுங்கம்மா, நான் இருக்கறேன்னு. பாவம், என் கையப் புடிச்சிகினுதான் ஊசியே போட்டாங்க.”

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் கடைசி சீட்டைப் பார்த்தேன். அக்கா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார். கை பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் பார்த்தது முந்தானையை.

சிரித்துவிட்டார்.

அது தோள் குலுங்குகிற சிரிப்பு இல்லை. மாதக்கணக்கில் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு. பஸ்ஸின் இரைச்சலைத் தாண்டி டிரைவர் வரைக்கும் போயிற்று. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். செட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

“யக்கா,” என்றாள் ஒருத்தி. “உனுக்கு எப்ப வந்துச்சி?”

அக்கா வாயை மூடிக்கொண்டார். அதற்குமேல் மூடி என்ன பிரயோஜனம்?

“அட, கொரலு வந்துடுச்சா!” என்றார் நிலத்துக்காரர். மனுஷர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. “சொல்லவே இல்லியேம்மா. நல்லதாப் போச்சி. நீ இல்லாம பத்து ஆளுக்கு மேல சேரவே மாட்டுது. நாளைக்கு நடவு, பதினஞ்சு ஆளும் வேணும். அஞ்சு மணிக்கு வண்டி அனுப்பறேன். நீயே கூப்புட்டு எழுப்பி இட்டாந்துடு.”

வழக்கமாக அந்த வார்த்தை உடனே வந்துவிடும். அன்று வரவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை. கோபத்தைச் சமாளிக்கத் தெரியும், ஒரு ஜோக் போதும். அது கோபம் இல்லை. ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை.

சொல்வதற்கு இருந்தது. ‘டாக்டரு கத்தக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க, கத்துனா மறுபடியும் போயிடும், எனக்கும் அதேதான்’ என்று ஒரு வரி போதும். அதே ஊசி போட்டுக்கொண்டவன் சொன்னால் நிலத்துக்காரர் நம்பியிருப்பார். அதற்கு முந்தின நிமிஷம் வரை அத்தனை பொய்யும் சரளமாக வந்த வாய்தான். ஆனால் பஸ் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிங்கமாக உட்கார்ந்திருந்தவன் கத்தப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? அவ்வளவுதான் காரணம். எத்தனை தரம் புரட்டிப் பார்த்தாலும் அதைவிடப் பெரிய காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு ஸ்டாப் வந்து போயிற்று. அக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, “சரிங்க” என்றார். பஸ் முழுக்கக் கேட்டது.

நான் பக்கத்து சீட்டில் புதிதாக ஏறியவரிடம் குனிந்து, “எங்க போவணும்?” என்று கேட்டேன். குரல் நன்றாகத்தான் வந்தது.